ஆளுக்கு ஒருத்தரைக் கூட்டிட்டு வந்த பேண்ட்

வணக்கம். இன்னிக்கு யு.கே.ங்கற பிரிட்டிஷ் ராக் பேண்டைப் பத்திப் பேசப்போறேன், இப்படி ஒரு பேரை வச்சுட்டா இன்டர்நெட்ல தேடறப்பல்லாம் நாடுதான் வந்து நிக்கும், பாவம் அவங்க பேர் வச்சப்ப அந்தத் தொல்லை எல்லாம் யாருக்குத் தெரியும். 1977-ல ஆரம்பிச்சு 1980-ல கடையைக் கட்டிட்டாங்க, ஸ்டூடியோ ஆல்பம் 2, மேடையில பதிவு பண்ணது 1, அவ்ளோதான்.

ஆனா ஆளுங்க யாருன்னு பாருங்க. 1974-ல கிடார்காரர் ராபர்ட் ஃப்ரிப் தன்னோட கிங் கிரிம்ஸன் பேண்டைக் கலைச்சுட்டாரு, அதுல பேஸ் வாசிச்சுப் பாடினவர் ஜான் வெட்டன், டிரம்ஸ் பில் ப்ரூஃபோர்டு. சேர்ந்து வாசிச்ச ருசி விடலை போல, 1976-ல கீபோர்டுக்காரர் ரிக் வேக்மேனை வச்சு ஒத்திகை எல்லாம் பாத்தாங்க, அது நிலைக்கலை. ஃப்ரிப்பையே திரும்பக் கூப்பிட்டுப் பாத்தாங்க, அதுவும் நடக்கலை. கடைசில ஆளுக்கு ஒருத்தரைக் கூட்டிட்டு வர்றதுன்னு ஆயிடுச்சு. வெட்டன் கூட்டிட்டு வந்தது எட்டி ஜாப்சன், வயசு 22 தான், கீபோர்டும் வயலினும் வாசிப்பாரு, அதுக்குள்ள ராக்ஸி மியூசிக் பேண்ட்ல இருந்துட்டு அமெரிக்க கிடார்காரர் ஃப்ராங்க் ஸாப்பா கூட டூரும் போய்ட்டு வந்துட்டாரு! ப்ரூஃபோர்டு கூட்டிட்டு வந்தது ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த், ஜாஸ் பக்கம் சாய்ஞ்ச கிடார்காரர்.

என்னைக் கேட்டா பேண்ட் உடைஞ்சது, ரெண்டு பேர் வெளிய போன 1978-ல இல்லீங்க, இந்த இடத்துலயே பாதி உடைஞ்சாச்சு. வெட்டனும் ஜாப்சனும் எழுதி வச்ச பாட்டை அப்படியே பிசிறில்லாம வாசிக்கணும்னு நினைக்கிற கட்சி, மத்த ரெண்டு பேரும் மேடை ஏறினா அந்த நேரத்துல தோணறதை வாசிக்கிற கட்சி.

லண்டன் ட்ரைடென்ட் ஸ்டூடியோல பதிவு பண்ணி முதல் ஆல்பம் 1978-ல வருது. வெளிய சின்னதா முரட்டுத்தனமா பாட்டு போடற பங்க் ராக் அலை அடிக்குது, நீளநீளமா பாட்டு போடற பேண்டுன்னாலே பத்திரிகைக்காரங்க மூக்கைச் சுளிக்கிற காலம், இவங்க அதைக் கண்டுக்கவே இல்லை. முதல் பாட்டே 'இன் தி டெட் ஆஃப் நைட்', 7 எண்ணிக்கைல ஓடும், கர்நாடக சங்கீதத்துல மிஸ்ர சாபு தாளம் கேட்டு வளர்ந்த காதுக்கு அது ஒண்ணும் புதுசு இல்லை, ஆனா அந்த ஓட்டத்துக்கு மேல ஹோல்ட்ஸ்வொர்த் சோலோ ஒண்ணு வாசிக்கிறாரு பாருங்க, வலது கை தந்தியைத் தட்டற சத்தமே பெருசா கேக்காது, இடது கை விரலை அகல அகல விரிச்சு ஸ்வரத்தை ஒண்ணோட ஒண்ணு வழுக்கி விடுவாரு, சாக்ஸபோன்னு சொன்னாக்கூட நம்பிடலாம். ராக் கிடார்ல பெரிய பேரு எட்டி வான் ஹேலன் பின்னாடி இவரைத் தலையில தூக்கி வச்சுக் கொண்டாடினதுல ஆச்சரியமே இல்லை.

பிரச்சனையும் அந்த சோலோலதான் வந்துச்சு. ரெக்கார்டுல இருக்கற மாதிரியே மேடையிலயும் வாசிக்கணும்னு ஒரு பக்கம் கேட்டாங்க, சோலோன்னா அன்னன்னிக்கு வர்றதுதான், நேத்து வாசிச்சதை எதுக்கு மறுபடி வாசிக்கணும்னு இவரு. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு, நான் ஹோல்ட்ஸ்வொர்த் கட்சி. 1978 முடியறதுக்குள்ள அவரும் ப்ரூஃபோர்டும் வெளிய வந்துட்டாங்க.

அப்புறம் ஸாப்பாகிட்ட டிரம்ஸ் வாசிச்ச டெரி போஸியோ வந்தாரு, கிடாரே இல்லாம மூணே பேர். 1979-ல 'டேஞ்சர் மனி' ஆல்பம், ஜெத்ரோ டல்ங்கற பேண்டோட டூர்ல முன்னாடி வாசிக்கிற பேண்டா போனாங்க, ஜப்பான்ல வாசிச்சதை 'நைட் ஆஃப்டர் நைட்'னு ஆல்பமா போட்டாங்க. நல்லாத்தான் இருக்கும், ஜாப்சன் கை விளையாடும், ஆனா எல்லாரும் ஒரே பக்கம் இழுக்கறதால முதல் ஆல்பத்துல இருந்த அந்த முறுக்கு இதுல இல்லை.

அந்த ஒத்துமையும் நிக்கலைங்கறதுதான் வேடிக்கை. வெட்டனுக்கு சின்னச் சின்னப் பாட்டு வேணும், ஜாப்சனுக்கு நீளமா வாத்திய இசை வேணும், 1980-ல முடிஞ்சுது. ஜாப்சன் ஜெத்ரோ டல் ஆல்பத்துல வாசிக்கப் போனாரு, போஸியோ மிஸ்ஸிங் பெர்சன்ஸ்னு ஒரு பேண்ட் ஆரம்பிச்சாரு, ப்ரூஃபோர்டு 1981-ல திரும்பவும் கிங் கிரிம்ஸன். வெட்டன் ஏசியா பேண்டுக்குப் போயி, அவர் ஆசைப்பட்ட மாதிரி சின்னப் பாட்டா பாடி, அவங்க 1982 ஆல்பம் அமெரிக்காவுல 9 வாரம் முதல் இடத்துல நின்னுச்சு!

ரொம்ப வருஷம் கழிச்சு 2011, 2012-ல வெட்டனும் ஜாப்சனும் யு.கே. பேர்ல மறுபடி மேடை ஏறினாங்க. 2017 ஜனவரில வெட்டன் இறந்துட்டாரு, ஏப்ரல்ல ஹோல்ட்ஸ்வொர்த்.

சரி, பாட்டைப் போடச் சொல்றேன், கிடார் சோலோ வர்றப்ப வால்யூமைக் கொஞ்சம் கூட்டிக்கோங்க, பக்கத்து வீட்டுக்காரங்க ஏதாவது சொன்னா ரேடியோ ஸ்டேஷனுக்கு லெட்டர் போடச் சொல்லுங்க.