எண்ணெய்க் குளியலில் பௌத்தம் தேடியவர்

[திரையில்: பழைய சென்னை வரைபடம். இராயப்பேட்டை வட்டமிடப்படுகிறது]

அம்பேத்கர் நாக்பூரில் பௌத்தம் தழுவியது 1956இல். அதற்கு 58 ஆண்டுகளுக்கு முன்பே, சென்னையில் வைத்தியம் பார்த்து வந்த ஒரு சித்த மருத்துவர் இலங்கைக்குப் போய், பௌத்தத்தின் ஐந்து ஒழுக்க நெறிகளான பஞ்சசீலம் ஏற்றுவிட்டு வந்தார். க. அயோத்திதாசர். பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் உதவினார், இலங்கைப் பௌத்தத் துறவி சுமங்கல தேரர் தீட்சை கொடுத்தார். திரும்பி வந்ததும் இராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கம் பிறந்தது.

ஏன் பௌத்தம்? 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் இவர் சிவன், விஷ்ணு கோயில்களுக்குள் தீண்டாமைக்கு ஆளான தம் மக்களுக்கு அனுமதி கேட்டார். உங்களுக்குத்தான் மதுரைவீரன், காட்டேறி, கருப்பண்ணசாமி எல்லாம் இருக்கிறார்களே என்று பதில் வந்தது. அந்தச் சாமிகளும் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சரி, வேறு மதத்துக்குப் போய்விட்டாரா? இல்லை, அங்கேதான் விஷயமே இருக்கிறது. நாம் ஆதியிலேயே பௌத்தர்கள், அதை விடாமல் பிடித்திருந்ததால்தான் தாழ்த்தப்பட்டோம் என்பது அவர் வாதம்.

[திரையில்: 'ஒரு பைசாத் தமிழன்', 1907. விலை காலணா, அதாவது அன்றைய ஒரு பைசா]

அவர் நடத்திய இந்த வாராந்திரப் பத்திரிகையில் பண்டிகைகளைக்கூட விட்டுவைக்கவில்லை. தீபாவளியை எடுத்துக்கொள்ளுங்கள். நரகாசுரன் கதையை ஒதுக்கிவிட்டு, பௌத்தப் பள்ளியில் எள்ளிலிருந்து எண்ணெய் எடுக்கக் கண்டுபிடித்த நாள் அது, அதனால்தான் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறோம் என்று எழுதினார். வரலாற்று ஆசிரியரிடம் கேட்டால் ஆதாரம் எங்கே என்பார், நியாயம்தான். ஆனால் கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட ஒருவர் இதைப் படிக்கும்போது, பண்டிகையே தன் முன்னோர் கொடுத்ததாகிவிடுகிறது. அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது.

வெள்ளைக்காரன் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் அவர் கருவியாக்கிக்கொண்டார். 1911 கணக்கெடுப்பில் பௌத்தர் என்று பதியச் சொன்னார். ஆங்கில ஆட்சி மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை இன்று படிக்கையில் கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

[திரையில்: கோலார் தங்கவயல், மாரிக்குப்பம்]

இயக்கம் வேர்பிடித்த இடங்களில் முக்கியமானது, இன்றைய கர்நாடகத்தில் உள்ள கோலார் தங்கச் சுரங்கப் பகுதி. வட ஆர்க்காட்டுப் பக்கமிருந்து பஞ்சம் பிழைக்கப் போன தமிழர்கள் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்ஸிலும் சங்கக் கிளைகளை நடத்தினார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி, பிரசங்கம், சொந்த அச்சகம் என்று வளர்ந்தது. அப்புறம் ரங்கூன், தென்னாப்பிரிக்கா என்று பிழைக்கப் போனவர்களோடு இயக்கமும் கப்பலேறியது.

1914 மே 5இல் அயோத்திதாசர் மறைந்தார். பத்திரிகை சில காலத்தில் நின்றது. 1926இல் அதை மறுபடி தொடங்கியவர்கள் தங்கவயல்காரர்கள்தான், ஆசிரியர் ஜி. அப்பாதுரையார்.