பழிவாங்கும் படமும் பஸ்ஸில் வரும் பிள்ளையும்

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, வேலைப்பளுவுக்கு மத்தியிலும் வந்திருக்கும் வலயக் கல்விப் பணிமனை அதிகாரி அவர்களே, அதிபர்களே, ஆலய பரிபாலன சபைப் பெரியோர்களே, உவர்மலையிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் வெயிலைப் பாராமல் வந்த தாய்மாரே, தந்தைமாரே, எல்லோருக்கும் வணக்கம். பின்னால் நிற்கிற தம்பிமாரே, முன்வரிசையில் கதிரை இருக்கிறது, வந்து இருங்கள்.

பழிவாங்கும் படங்களைக் குடும்பத்தோடு பார்க்கலாமா என்று பேசச் சொன்னார்கள். மூன்று விடயம் சொல்ல வந்தேன்: சான்றிதழ், கதை, அந்தப் படங்களில் பெண்கள் படும் பாடு. எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது ஒன்றுதான். தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்.

முதலில் சான்றிதழ். இந்தியாவில் 2024 முதல், பெற்றோர் வழிகாட்டலோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்கிற ‘யு/ஏ’ பிரிவை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். நல்ல வேலை. ஏழு வயதுப் பிள்ளைக்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கும் ஒரே முத்திரை எப்படிப் பொருந்தும்? 2025 ஆகஸ்டில் வந்த ‘கூலி’ படத்துக்குப் பெரியவர்களுக்கு மட்டும் என்கிற ‘ஏ’ கிடைத்தது. தயாரிப்பாளர்கள் ‘யு/ஏ’ கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். மனு தள்ளுபடியானது. அந்தத் தீர்ப்பை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் அந்த முத்திரை தியேட்டர் வாசலில் மட்டும்தான் காவல் நிற்கும். அதைத் தாண்டிப் படம் எங்கெல்லாம் போகிறது என்று பாருங்கள்.

அடுத்து கதை. “பழிவாங்கல் எங்கள் கதைகளில் இல்லையா, கண்ணகி மதுரையை எரிக்கவில்லையா?” என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நம் கிழக்கிலே வைகாசியில் அம்மன் கோயில்களில் படிப்பது எது? கண்ணகி வழக்குரை. அவள் முதலில் வழக்கு உரைத்தாள். சிலம்பை உடைத்துச் சாட்சி காட்டினாள். பிறகு எரித்தபோதும் முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடு என்று தீக்கடவுளுக்குச் சொன்னாள். அவ்வளவு கோபத்திலும் பிள்ளையை ஒதுக்கி வைத்தாள்! இன்றைய படத்தில் அந்த ஒதுக்கல் இருக்கிறதா? பெற்றோரே, எவ்வளவு இரத்தம் என்று அளக்காதீர்கள். எந்த இடத்தில் கைதட்டல் வருகிறது என்று கவனியுங்கள். கழுத்து அறுபடும்போது பின்னால் துள்ளல் இசை போட்டால், அந்தப் படம் உங்கள் பிள்ளைக்கு உரியதல்ல.

தியேட்டருக்குப் போவதா வேண்டாமா என்று நாம் முடிவெடுக்கலாம். பஸ்ஸில்? ஒருமுறை திருகோணமலையிலிருந்து இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போனேன். கந்தளாய் தாண்டியதும் படம் போட்டார்கள். வெட்டு, குத்து, அலறல். எனக்கு முன் இருக்கையில் ஓர் அம்மம்மாவும் ஐந்து வயதுப் பேத்தியும். அவர் முந்தானையால் பிள்ளையின் கண்ணை மூடினார். முந்தானைக்குள்ளிருந்து பிள்ளை கேட்டது: “அம்மம்மா, இப்ப ஆரை வெட்டுறாங்கள்?” காதை எந்த முந்தானையால் மூடுவது, சொல்லுங்கள்!

அந்த அம்மம்மா எழும்பினார். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் போனார். “தம்பி, உங்கட பிள்ளை இருந்தா இதைப் போடுவீங்களோ?” கண்டக்டர், “எல்லாரும் கேக்கினம் அம்மா” என்றார். அவர் திரும்பி முழு பஸ்ஸையும் பார்த்தார். “ஆர் கேட்டது? கையைத் தூக்குங்கோ!” ஒரு கை எழவில்லை. அந்தக் கண்டக்டர் நல்ல பிள்ளை, உடனே நிறுத்திவிட்டார். ஹபரணை வருமுன் பஸ்ஸே நித்திரை. யாருக்கும் வேண்டாத படத்தை இத்தனை காலம் யாருக்காகப் போட்டார்கள்? நாம் வாய் திறக்காததால் போட்டார்கள். தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்றேனே, வாய் திறக்காமல் இருப்பதையும் அந்தப் பேத்தி நம்மைப் பார்த்துத்தான் பழகும்.

தலைவர் நேரத்தைக் காட்டுகிறார். பெண்களைப் பற்றிய மூன்றாவது விடயத்தை இன்னொரு மேடையில் பேசுகிறேன். இப்போது வேண்டுவது உங்கள் கையொப்பம். பிள்ளைகள் பயணம் செய்யும் தூர பஸ்களில் வன்முறைப் படம் போடக்கூடாது என்று தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவுக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று. வாசலில் மேசையில் இருக்கிறது. பேனையும் இருக்கிறது. எந்த ஊருக்குப் போகும் பஸ்ஸில் பார்த்தீர்கள் என்பதையும் பெயருக்குப் பக்கத்தில் எழுதிவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.