யாருடைய இடது?

எல்லோருக்கும் வணக்கம். நோட்டுப் புத்தகங்களைத் திறந்து வைத்திருக்கிறீர்கள், மூடிவிடுங்கள். அரங்கக் கலைச்சொற்கள் என்று தலைப்புப் போட்டிருப்பதால், நான் ஒவ்வொன்றாகச் சொல்ல நீங்கள் எழுதிக்கொண்டு, கடைசியில் ஒரு தேர்வும் இருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். இந்தச் சொற்களுக்கான தேர்வு விளக்கணைந்த மேடையில்தான் நடக்கும். அதில் ஒருமுறை தோற்றவன் நான். அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

என் முதல் நாடகம். நடிக்க வேண்டியவருக்கு உடம்பு சரியில்லை என்று, இரண்டு நாளுக்கு முன்னால் என்னை அவருக்குப் பதிலாக ஏற்றிவிட்டார்கள். அதுவரை கீழே உட்கார்ந்து ஒத்திகையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். இரண்டாம் காட்சி முடிந்ததும் விளக்கணையும். அந்த இருட்டில் நான் மேடை இடதுபுறம் போய்ச் சன்னலருகே நிற்க வேண்டும். கீழேயிருந்து பார்த்துப் பழகிய கண்ணுக்கு எது இடதோ, அந்தப் பக்கமே போய் நின்றேன். விளக்கு வந்தது. நான் கதவருகே நிற்கிறேன். எதிரே நடித்தவர் ஆளில்லாத சன்னலைப் பார்த்து, "ஏன் அங்கேயே நிற்கிறாய்?" என்று கேட்டுவிட்டார். அவை கொல்லென்று சிரித்தது. அழ வேண்டிய காட்சி அது.

மேடை இடது என்றால், அவையைப் பார்த்து நிற்கும் நடிகரின் இடது. பார்வையாளருக்கு அது வலது. பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் குழப்பமே வேண்டாமென்று இடது வலதையே விட்டுவிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டில் பாரிஸின் துய்லரி அரண்மனையில் இருந்த அரங்கில் ஒரு பக்கம் தோட்டம், மறுபக்கம் முற்றம். நடிகரின் வலதைத் தோட்டப்பக்கம் என்றும், இடதை முற்றப்பக்கம் என்றும் சொல்லத் தொடங்கினார்கள். அந்த அரண்மனை இன்று இல்லை. சொல் மட்டும் இருக்கிறது. அவர்கள் ஊர் நடிகர் யாரும் என்னைப்போல் கதவருகே போய் நின்றிருக்க மாட்டார்.

அப்புறம் மேல்மேடை, கீழ்மேடை. அவைக்குப் பக்கத்தில் இருப்பது கீழ்மேடை, பின்திரையை ஒட்டியது மேல்மேடை. சமதளமான மேடையில் மேல் எங்கே, கீழ் எங்கே என்று கேட்கலாம். ஒரு காலத்தில் ஐரோப்பிய மேடைகளின் தளத்தையே சரிவாகக் கட்டினார்கள். பின்னால் போகப்போக ஏறும். நடிகர் நிஜமாகவே மேலே ஏறிப் போனார், கீழே இறங்கி வந்தார். இதிலிருந்து பிறந்த ஒரு திருட்டுத்தனமும் உண்டு. உங்களோடு பேசிக்கொண்டே சக நடிகர் மெல்ல மேல்மேடைக்கு நகர்கிறார் என்று வையுங்கள். அவரைப் பார்த்துப் பேச நீங்கள் திரும்பியாக வேண்டும். திரும்பினால் அவைக்கு உங்கள் முதுகு, அவருக்கோ முழு முகம். இதற்கு ஆங்கிலத்தில் அப்ஸ்டேஜிங் என்று பெயர். தெரியாமல் செய்தால் மன்னிக்கலாம். தெரிந்து செய்பவரை மேடையில் இருக்கும் அத்தனை பேரும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

திரைக்கு வருவோம். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று வகையைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. ஒரு பக்கமிருந்து இழுப்பது, இரு பக்கமிருந்தும் வந்து நடுவில் சேர்வது, மேலே மறைந்திருந்து இறங்குவது. இன்றைய அரங்குகளிலும் இந்த மூன்றும் உண்டு. அதே இடத்தில், தூணின் நிழல் மேடையில் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்றும் வருகிறது. ஒளியமைப்பாளர் யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள், அவருக்குக் கண் கலங்கிவிடும்.

ப்ளாக்கிங் என்பது யார், எப்போது, எங்கே நகர்வது என்று ஒத்திகையில் முடிவு செய்துகொள்வது. பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள், எப்படியும் மாறும். ப்ராப் என்பது நடிகர் கையாளும் பொருள். மேடையில் நிலையாக நிற்பது செட். காட்சிக்கு முன்னால் மேடை நிர்வாகி "பத்து நிமிடம்" என்று குரல் கொடுத்தால், "நன்றி, பத்து" என்று திருப்பிச் சொல்லும் வழக்கம் பல குழுக்களில் உண்டு. காதில் விழுந்ததா என்று அவர் இரண்டாம் முறை கேட்கத் தேவையில்லை.

க்யூவிடம் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். நீங்கள் பேசவோ நகரவோ வேண்டிய நேரத்தைக் காட்டும் குறிப்புதான் க்யூ. அது ஒரு சொல்லாக இருக்கலாம், கதவுச் சத்தமாக இருக்கலாம், விளக்கு மாறுவதாகவும் இருக்கலாம். புதிதாக வருபவர்கள் தங்கள் வசனத்துக்கு மஞ்சள் மையால் கோடு போட்டு, அதை மட்டும் உருப்போடுவார்கள். ஆனால் உங்கள் க்யூ பெரும்பாலும் அடுத்தவர் வசனத்தில்தான் இருக்கிறது. அதன் கடைசிச் சொல்லுக்காக மட்டும் காத்திருப்பவரின் முகம் மேடையில் பேருந்துக்கு நிற்பவர் முகம்போல் இருக்கும்.

சரி, இப்போது நடிப்பு. நம் பேச்சு வழக்கில் இந்தச் சொல்லுக்கு நல்ல பெயர் கிடையாது. "சும்மா நடிக்காதே" என்றால் பொய் சொல்லாதே என்று பொருள். ஆங்கிலத்தில் ஆக்ட் என்றால் செயல். டிராமா என்ற சொல்லும் கிரேக்கத்தில் 'செய்' என்னும் வினையிலிருந்து வந்ததுதான். இதை நான் அகராதி ஆர்வத்தில் சொல்லவில்லை. இயக்குநர் "கோபமாகச் சொல்" என்கிறார். நீங்கள் புருவத்தை நெரித்துக் குரலை உயர்த்துகிறீர்கள். அது பலிக்காது. கோபம் என்பது கீழே உட்கார்ந்திருப்பவர் உங்களிடம் பார்ப்பது. மேடையில் நிற்பவருக்குச் செய்ய ஒரு வினை வேண்டும். அவனை மிரட்டு, அவனை வெளியே அனுப்பு, அவன் வாயிலிருந்து உண்மையைப் பிடுங்கு.

மாஸ்கோ கலை அரங்கை 1898இல் நெமிரோவிச் தான்சென்கோவோடு சேர்ந்து தொடங்கிய ரஷ்ய இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி வாழ்நாள் முழுக்க இதோடுதான் மல்லுக்கட்டினார். பாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்பது நோக்கம். அதற்குக் குறுக்கே நிற்பது தடை. பாத்திரம் யார், எங்கே, எப்போது, இதற்கு முன் என்ன நடந்தது என்பதெல்லாம் தரப்பட்ட சூழல். வசனத்துக்கு அடியில் ஓடுவது உட்பொருள். சப்டெக்ஸ்ட் என்றும் சொல்லலாம், சண்டையில்லை.

ஒரே ஒரு வசனத்தை எடுத்துக்கொள்வோம். "எப்போது வந்தாய்?" பத்து வருடம் பேசாமல் இருந்த தம்பி வாசலில் நிற்கிறான். அவன் திரும்பிப் போய்விடாமல் தடுக்க வேண்டும், ஆனால் கெஞ்சவும் மனம் வராது. அப்போது இந்தக் கேள்வியின் உட்பொருள் 'போய்விடாதே.' இப்போது சூழலை மாற்றுவோம். நீங்கள் ஒரு கடிதத்தைக் கிழித்துக்கொண்டிருக்கிறீர்கள், திரும்பிப் பார்த்தால் அவன் பின்னால் நிற்கிறான். 'எவ்வளவு பார்த்தாய்?' என்பதுதான் உள்ளே ஓடுவது, கை கடிதத்தை மறைக்கப் போகும். இரண்டு சூழலிலும் வசனத்தின் எழுத்து மாறவில்லை. குரலை எப்படி ஏற்றுவது என்று நான் சொல்லித்தரவும் இல்லை. அவனை நிறுத்து, காகிதத்தை மறை, இவ்வளவுதான்.

நான்காவது சுவர் பற்றிக் கேட்பீர்கள். மேடையின் விளிம்பில், அவைக்கும் உங்களுக்கும் நடுவே, ஒரு பெரிய சுவர் இருப்பதாக எண்ணிக்கொண்டு, திரையே உயராததுபோல் நடியுங்கள் என்று 1758இல் பிரெஞ்சு எழுத்தாளர் தீதரோ எழுதினார். பிற்பாடு ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் போன்றவர்கள் அந்தச் சுவரை வேண்டுமென்றே உடைத்து அவையோடு நேராகப் பேச வைத்தார்கள். நம் கூத்தில் அவையோடு நேராகப் பேசிக் கதையை நடத்தும் கட்டியங்காரனுக்கு உடைக்கச் சுவரே இருந்ததில்லை.

போதும். அந்த மூன்றாவது வரிசையில் இருக்கும் இரண்டு பேர், மேலே வாருங்கள். நீங்கள் கடிதத்தோடு நடுமேடையில் நில்லுங்கள். தம்பி, நீங்கள் மேடை இடதிலிருந்து வர வேண்டும். விளக்கை அணைக்கிறேன்... இல்லை, இல்லை, அந்தப் பக்கமில்லை. உங்கள் இடது.