பி.டி. பீரியடைக் கடன் கொடுக்காதீர்கள்

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, எத்தனையோ அலுவலுக்கு நடுவில் வந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, வருடம் தவறாமல் கோப்பை வாங்கித் தரும் பாத்திரக்கடை அண்ணாச்சி அவர்களே, விடியற்காலையிலேயே வந்து சுண்ணாம்புக் கோடு போட்ட உடற்கல்வி ஆசிரியர் அவர்களே, பெற்றோர்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். பந்தல் போட்டுக் கொடுத்த முன்னாள் மாணவர்களுக்கும் நன்றி சொல்லியாக வேண்டும்.

பிள்ளைகளின் விளையாட்டுக்குப் பெற்றோர் எப்படித் துணை நிற்பது என்று பேசச் சொன்னார்கள். சாப்பாடு, தூக்கம், பேச்சு என்று மூன்று விஷயம் யோசித்து வந்தேன். பேச்சைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு, பி.டி. பீரியடுக்கு வருகிறேன்.

எங்கள் தெருவில் இஸ்திரிக்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர். மகள் அப்போது எட்டாம் வகுப்பு, 400 மீட்டர் ஓடுவாள். குறுவட்டப் போட்டி அன்று கடையைச் சாத்திவிட்டு வந்துவிட்டார். விசில் அடித்ததும் மகள் கோட்டுக்கு உள்ளே ஓடுகிறாள், அப்பா கோட்டுக்கு வெளியே ஓடுகிறார்! “கையை வீசு! பக்கத்துல வர்றா பாரு!” என்று ஒரே சத்தம். கடைசி வளைவில் பிள்ளை அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஒரு நொடியில் இரண்டு பேர் தாண்டிப் போய்விட்டார்கள். நான்காம் இடம். வீடு போகும்வரை வண்டியில் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டே போனாள்.

மறுநாள் பி.டி. சார் அவரைக் கூப்பிட்டுச் சொன்னார்: “அண்ணே, எப்படி ஓடணும்னு நான் சொல்லிக்கிறேன். ஓடி முடிச்சதும் ‘சாப்டியாம்மா’ன்னு மட்டும் நீங்க கேளுங்க, போதும்.”

அடுத்த வருடமும் அண்ணன் வந்தார். தயிர்சாதத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு, தோள் துண்டின் முனையைக் கடித்தபடி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வாயைத் திறக்கவே இல்லை. பிள்ளை இரண்டாம் இடம் வந்து மாவட்டத்துக்குப் போனாள். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். அந்த அடியைப் பிள்ளைதான் வைக்க வேண்டும்.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவை எல்லோருக்கும் தெரியும். ஐந்து வயதில் பேருந்துச் சக்கரம் ஏறி வலது கால் நசுங்கிய பிள்ளை. அம்மா காய்கறி விற்று வளர்த்தார். உயரம் தாண்டு என்று தூண்டியவர் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். அதற்கப்புறம் டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். அடி மேல் அடி!

அந்த ஆசிரியருக்குப் பீரியடே இல்லாமல் போயிருந்தால்? நான் எந்த மேடை ஏறினாலும் கேட்பது இதைத்தான். பாடம் முடியவில்லை என்றால் முதலில் கை வைப்பது பி.டி. பீரியடில். பத்தாம் வகுப்பு வந்தால் அந்தப் பீரியட் அட்டவணையில் மட்டும்தான் இருக்கும். இஸ்திரிக்கடை அண்ணன் மகளுக்கு அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு. அவளுக்கும் இதுதான் நடக்கப் போகிறதா?

ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. மதிப்பெண் எங்கே என்று அவர்களை நெருக்குவது நாம்தான். விளையாட்டு மைதானமும் விளையாட்டுச் சாமான்களும் பள்ளியில் இருக்க வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். அங்கே வாய் திறந்து கேளுங்கள். ஒரு கூட்டத்தில் நடக்காவிட்டால் அடுத்த கூட்டத்திலும் கேளுங்கள், அம்மி நகரும்.

பத்தாம் வகுப்புக்கும் வாரத்தில் இரண்டு பி.டி. பீரியட், அதை யாருக்கும் கடன் கொடுப்பதில்லை என்று ஒரு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறோம். பந்தல் வாசல் மேசையில் பேனாவோடு இருக்கிறது. அம்மா, அப்பா இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.