நாலு தடவ ஸ்டார்ட் ஆகும், அஞ்சாவது தடவ ஆகாது

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். நான் ஒட்டன்சத்திரத்துல பைக் பட்டறை வச்சிருக்கேன், 22 வருஷமா இதே வேலைதான். மழைக்காலம் வருது, வண்டிய பத்தி ஏதாவது பேசுங்கன்னு நிலையத்துல இருந்து கூப்பிட்டாங்க, நான் யோசிச்சு ஒரே ஒரு விஷயத்த எடுத்துக்கிட்டேன், சில நேரம் மட்டும் ஸ்டார்ட் ஆகாம மக்கர் பண்ற வண்டில கோளாற எப்படி புடிக்கிறது.

வண்டி சுத்தமா ஸ்டார்ட் ஆகலன்னா எங்களுக்கு அது சுலபம். கோளாறு அங்கேயே இருக்கும், வரிசையா பாத்தா புடிச்சிரலாம். ஆனா "அண்ணே, நேத்து மூணு தடவ மக்கர் பண்ணுச்சு, இப்ப பாருங்க ஒரே கிக்ல எடுக்குது"ன்னு சொல்லி வண்டிய விட்டுட்டு போறாங்க பாருங்க, அதுதான் கஷ்டமான கேஸ். நல்லா ஓடுற வண்டில நான் எத தேடுவேன்? அப்ப என்ன நடக்கும்னா மெக்கானிக் குத்துமதிப்பா பிளக்க மாத்துவாரு, ரெண்டு நாள் நல்லா ஓடும், அப்புறம் பேட்டரி, அப்புறம் பிளக்ல பொறி வரவைக்கிற சிடிஐ பாக்ஸ், காசு போய்க்கிட்டே இருக்கும், கோளாறு மட்டும் இருந்த இடத்துலயே இருக்கும்.

எங்க பக்கத்துல பால் ஊத்துற ஒரு அண்ணன் இருக்காரு. ரெண்டு பக்கமும் கேன கட்டிக்கிட்டு விடியக்காலம் கெளம்புனா நாப்பது வீடு, வீட்டுக்கு வீடு ஆஃப் பண்ணி ஆன் பண்ணணும். அதுல நாலஞ்சு வீட்டுல மட்டும் வண்டி எடுக்காது. தள்ளி ஸ்டார்ட் பண்ணா உடனே புடிச்சிக்கும். தள்ளுனா எடுக்குதுன்னா பேட்டரி வீக்குன்னுதான யாரும் சொல்லுவாங்க, அப்படித்தான் வேற இடத்துல புது பேட்டரி போட்டுருக்காரு, பிளக்கும் மாத்தி சிடிஐயும் மாத்தியாச்சு, ஒண்ணும் சரியாகல. எங்கிட்ட ரெண்டு நாள் நின்னுச்சு, ஒரு தடவ கூட மக்கர் பண்ணல. சரின்னு மூணாவது நாள் காலைல நாலரை மணிக்கு நானே அவர் கூட வேற வண்டில போனேன்.

ஏழாவது வீடோ எட்டாவது வீடோ, சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்துனாரு, ஹேண்டில் இடது பக்கம் சாஞ்சு நின்னுச்சு. பால் ஊத்திட்டு வந்து சாவிய போட்டு உதைக்கிறாரு, எடுக்கல. நான் டார்ச் அடிச்சு மீட்டர பாத்தேன், நியூட்ரல் லைட்டு எரியல. "அண்ணே அசையாதீங்க"ன்னு சொல்லிட்டு ஹேண்டில மெதுவா நேரா திருப்புனேன், பச்சை லைட்டு வந்துச்சு. மறுபடி இடது பக்கம் திருப்புனா போயிருச்சு. அவ்ளோதான், புடிபட்டுருச்சு.

பட்டறைக்கு கொண்டு வந்து ஹெட்லைட் டூம கழட்டி, ஹேண்டில் கழுத்துகிட்ட வளைஞ்சு போற வயர் கட்ட பிரிச்சேன். வெளிய பாத்தா ஒரு கீறல் கூட இல்ல. ஒவ்வொரு வயரா ரெண்டு விரல்ல புடிச்சு லேசா இழுத்து பாத்தேன், நல்ல வயர் இழுபடாது, இக்னிஷன் ஸ்விட்ச்சுக்கு போற ஒரு வயர் மட்டும் ரப்பர் மாதிரி நீண்டு குடுத்துச்சு. அந்த இடத்துல வெட்டி பாத்தா உள்ள செம்பு இழையெல்லாம் அறுந்து கருத்துப் போயி நாலஞ்சு இழை மட்டும் ஒண்ண ஒண்ணு தொட்டுக்கிட்டு கெடக்கு. ஹேண்டில் திரும்புனா தொடாது, நேரானா தொடும். இது டிசி டைப் இக்னிஷன் வண்டி, சாவி வழியா பேட்டரி கரண்டு வந்தாதான் பிளக்ல பொறி வரும். தள்ளும்போது ஹேண்டில நேராதான புடிப்போம், அதான் தள்ளுனா எடுத்துச்சு! பட்டறைல சென்டர் ஸ்டாண்டுல நேரா நின்னதால எங்கிட்டயும் எடுத்துச்சு. பழைய துண்ட வெட்டி புது வயர் சால்டர் பண்ணி, சூடு காட்டுனா சுருங்கி புடிக்கிற ஹீட் ஸ்லீவ் போட்டு, திரும்புறதுக்கு கொஞ்சம் தளர்ச்சியும் விட்டு கட்டுனேன். செலவு 150 ரூபா. அதுக்கு முன்னாடி அவர் செலவு பண்ணது நாலாயிரத்துக்கு மேல. பால் ஊத்துற மனுஷனுக்கு அது சின்ன காசு இல்லைங்க, எனக்கு இன்னும் அது மனசுக்கு கஷ்டமாத்தான் இருக்கு.

அதனால நான் கேட்டுக்கிறது இதுதான், எதையும் மாத்துறதுக்கு முன்னாடி, மக்கர் பண்ற அந்த நிமிஷத்துல என்ன நடந்துச்சுன்னு பாத்து வைங்க. ஃபோன்ல வீடியோ எடுத்தாலும் சரி. எஞ்சின் சூடா இருந்துச்சா ஆறி இருந்துச்சா, எவ்ளோ தூரம் ஓட்டி நிறுத்துனீங்க, மழையா, ஹேண்டில் எந்தப்பக்கம், மீட்டர்ல லைட்டு எரிஞ்சுச்சா.

முதல்ல ஒண்ணு தெளிவாகணும். செல்ஃப் அடிச்சா எஞ்சின் சுத்தவே இல்லையா, இல்ல சுத்துது ஆனா புடிக்கலையா? ரெண்டும் வேற வேற நோய். சுத்தலன்னா பேட்டரி, டெர்மினல், பாடில முறுக்கியிருக்கிற எர்த் போல்ட்டு, செல்ஃபுக்கு கரண்டு விடுற ரிலே, கிளட்ச் ஸ்விட்ச் இந்தப்பக்கம்தான் பாக்கணும். டெர்மினல கையால ஆட்டி பாருங்க, ஆடுனா அதுவே காரணமா இருக்கலாம். வோல்ட்டு பாக்குற மீட்டர் இருந்தா பேட்டரில வச்சு பாருங்க, நல்ல பேட்டரி சும்மா நிக்கும்போது 12.6 வோல்ட்டு பக்கம் காட்டும், செல்ஃப் அமுக்குறப்ப பத்துக்கு கீழ சடார்னு விழுந்தா பேட்டரியோ கனெக்‌ஷனோ சரியில்ல, வண்டி ஓடும்போது ரெய்ஸ் பண்ணா 14 பக்கம் வரணும். அந்தப்பக்கம் வரவே இல்லன்னா புது பேட்டரி போட்டாலும் சீக்கிரமே அதுவும் படுத்துரும்.

சுத்துது ஆனா புடிக்கலன்னா பொறியா பெட்ரோலான்னு பாக்கணும். ஒரு நல்ல பிளக் பையில வச்சுக்கோங்க. பழைய கார்ப்ரேட்டர் வண்டின்னா மக்கர் பண்ணுன உடனே வண்டில இருக்கிற பிளக் மேல மாட்டியிருக்கிற கேப்ப கழட்டி அதுல இந்த பிளக்க சொருகி, பிளக்கோட இரும்பு உடம்ப எஞ்சின்ல நல்லா தொட வச்சு கிக்கர உதைங்க, பக்கத்துல பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது. நீலமா சடசடன்னு பொறி வந்தா கரண்டு பக்கம் சரி. வரலன்னா, அதுவும் அரை மணி நேரம் ஓட்டி சூடானப்ப மட்டும் வராம ஆறுனதும் வந்துச்சுன்னா, எனக்கு முதல் சந்தேகம் பொறி எப்ப வரணும்னு சிக்னல் குடுக்குற பல்சர் காயில், அடுத்து பிளக்குக்கு வோல்ட்ட ஏத்தி அனுப்புற இக்னிஷன் காயில். உள்ள சுத்தியிருக்கிற மெல்லிசு கம்பி சூட்டுல விரிஞ்சு விட்டுப்போகும், ஆறுனா சேந்துக்கும். ஆறுன வண்டில மீட்டர் வச்சு பாத்துட்டு காயில் நல்லாருக்குன்னு சொல்லிராதீங்க, சூட்டோட பாக்கணும்.

பொறி வருது, இருந்தும் எடுக்கலையா? பத்து பதினஞ்சு கிலோமீட்டர் ஓடி தானா நின்னு, கொஞ்ச நேரம் கழிச்சு எடுக்குதுன்னா டேங்க் மூடிய தொறந்து பாருங்க. புஸ்ஸுன்னு காத்து உள்ள போற சத்தம் கேட்டா, மூடில இருக்கிற காத்து ஓட்டை தூசியில அடைச்சிருக்கு, பெட்ரோல் கீழ இறங்க முடியல.

மழைக்காலத்துல டேங்க்ல தண்ணி இறங்கும். இப்ப பெட்ரோல்ல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் கலக்குறாங்க, எத்தனால் தண்ணிய இழுத்துக்கும், அளவு மீறுனா பிரிஞ்சு அடில தங்கிரும். கார்ப்ரேட்டர் அடில இருக்கிற டிரெயின் ஸ்க்ரூவ தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டில்ல புடிச்சு அசையாம வச்சு பாருங்க, தண்ணி இருந்தா அடியில தனியா நிக்கிறது கண்ணுக்கே தெரியும்.

2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ் 6, அதாவது புது புகை விதிப்படி செஞ்ச வண்டின்னா பெரும்பாலும் கார்ப்ரேட்டருக்கு பதிலா பம்ப் வச்சு பெட்ரோல பீச்சுற இஞ்செக்‌ஷன். சாவி போட்டதும் டேங்க்குள்ள ரெண்டு மூணு செகண்டு பம்ப் சத்தம் வரணும், அத தினமும் கேட்டு பழகிக்கோங்க, ஒரு நாள் அந்த சத்தம் வராம வண்டி எடுக்கலன்னா ஃபியூஸ், ரிலே, ஹேண்டில்ல எஞ்சின ஆஃப் பண்ற கில் ஸ்விட்ச், பம்ப் பெரும்பாலும் இதுல ஒண்ணா இருக்கும். நிறைய வண்டில சைடு ஸ்டாண்டுலயும் ஒரு ஸ்விட்ச் இருக்கு, சேறு ஏறுனா ஸ்டாண்ட எடுத்தப்புறமும் போட்டிருக்குன்னே நெனச்சுக்கும். தண்ணி ஊத்தி கழுவி விட்டு சரியாகி போனவங்க நிறைய பேரு.

ஆறுனா நல்லா எடுக்கும், சூடா இருந்தா மட்டும் எடுக்காது, பொறியும் பெட்ரோலும் சரியா இருக்குன்னா எஞ்சின் வால்வ தள்ளுற டேப்பெட்ல இடைவெளி இல்லாம டைட்டா இருக்கான்னு பாக்க சொல்லுங்க. அத எஞ்சின் நல்லா ஆறுனப்பதான் பாக்கணும், அதனால வண்டிய முந்தின நாள் ராத்திரியே பட்டறைல விட்டுருங்க, காலைல வந்து காத்திருக்காதீங்க. வணக்கம்.