ராவணன் மீசைக்குப் பின்னால் ஒரு வால்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆனி மாதத்தில் தனுஷ்கோடிப் பக்கம் நடந்தவர்களுக்குத் தெரியும், மணல் கணுக்காலில் ஊசி போலக் குத்தும். ஆனால் முகத்தில் அவ்வளவாகப் படாது. காற்றோடு உயரப் பறப்பது தூசிதான். மணல் தத்தித் தத்திப் போகும். ஒரு மணல்மணி எழும்பிக் கொஞ்ச தூரத்தில் விழும், விழுந்த வேகத்தில் இன்னும் சில மணிகளைக் கிளப்பிவிடும். பெரும்பாலும் எல்லாமே முழங்காலுக்குக் கீழேதான்.

லிபியப் பாலைவனத்தில் சுற்றிய ரால்ஃப் பாக்னால்டு என்ற ஆங்கிலேய ராணுவப் பொறியாளர், 1930-களில் காற்றுச் சுரங்கம், அதாவது செயற்கையாகக் காற்றை ஓட்டிப் பார்க்கும் நீளக் கூண்டு, அமைத்து இதை அளந்து பார்த்தார். அவர் கணக்குப்படி, காற்று இரண்டு மடங்கு வேகமானால் நகரும் மணல் ஏறக்குறைய எட்டு மடங்காகிவிடும். நம் கரையில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மழையும் அதிகம் கிடையாது. காய்ந்த மணல், கடுங்காற்று. சாலையில் மணல் ஏறாமல் என்ன செய்யும்? வடகிழக்குப் பருவமழையில் நனைந்த மணல் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் அந்த ஓட்டம் குறைந்துவிடும்.

சரி, ஓடுகிற மணல் எங்கே நிற்கும்? காற்று தளர்கிற இடத்தில். ராவணன் மீசை என்கிற கடற்கரைப் புல்லின் புதர் ஒன்றைப் பாருங்கள். அதன் மறைவில் மணல் வால் போல நீண்டு கிடக்கும். கச்சான் காலத்தில் அந்த வால் வடகிழக்கைக் காட்டும், திசைகாட்டியே வேண்டாம். மணல் மூட மூட அந்தப் புல்லும் மேலே துளிர்த்துக்கொண்டே வரும். மேடும் அதோடு சேர்ந்து வளரும். புல் இல்லாத வெறும் மணல்மேடு என்றால், காற்று வரும் பக்கம் சாய்வாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் இருக்கும். செங்குத்து என்றாலும் காய்ந்த மணல் சுமார் 33 பாகைக்கு மேல் நிற்காது, சரிந்துவிடும்.

இது தெரியாமல்தான் என் மைத்துனர், கடலோரத் தென்னந்தோப்பைக் காக்க ஆளுயரத்துக்குச் சிமெண்டுச் சுவர் எழுப்பினார். சுவரில் மோதிய காற்று கீழே திரும்பி அடிவாரத்தைப் பறித்தது. மணல் சுவரை ஒட்டாமல் சற்றுத் தள்ளி மேடானது. சுவரின் இரு முனைகளையும் சுற்றிக்கொண்டு போன காற்று, தோப்புக்குள் இரண்டு நீள வால்களை இழுத்துவிட்டது. பக்கத்துத் தோப்பில் வெறும் பனைமட்டை வேலி. மட்டைகளின் இடைவெளியில் பாதிக் காற்று நுழைந்து தளர, மணல் வேலியடியிலேயே சாதுவாகப் படுத்துக்கொண்டது. வேலி புதைந்ததும் அதன் மேலேயே இன்னொரு வரிசை மட்டை நட்டார்கள்.

மைத்துனர் போன வாரம் ஃபோன் பண்ணினார். சுவரை இன்னும் இரண்டடி உயர்த்தலாமா என்று கேட்டார். பனைமட்டை எங்கே கிடைக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.