வாளியில போன பாஸ்

வணக்கம் நேயர்களே, சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட்னு எங்க இருந்து கேட்டாலும் வணக்கம். நம்ம தென்னாப்பிரிக்கா டர்பன் ஆளுங்க மீன்னாலே கடல் பக்கம்தான் திரும்புவாங்க, ஷாட், சார்டீன்னு. நான் பேசப்போறது டேம்ல இருக்குற பாஸ் மீன் பத்தி.

இது அமெரிக்கா மீனுங்க. மொதல்ல 1890ல ஸ்காட்லாந்து ட்ரவுட் மீன் முட்டைய கப்பல்ல கொண்டாந்து நம்ம நேட்டால் ஆத்துல விட்டாங்க, எல்லாம் தூண்டில் விளையாட்டுக்குத்தான், ஆனா ட்ரவுட்டுக்கு சில்லுன்னு தண்ணி வேணும், மலைய விட்டு கீழ வந்தா தாங்காது, சரி சூடான தண்ணிக்கு வேற ஒண்ணு பாப்போம்னு 1928ல நெதர்லாந்துல இருந்து லார்ஜ்மவுத் பாஸ் குஞ்சு வரவழைச்சு கேப் பக்கம் ஸ்டெலன்பாஷ் ஊர்கிட்ட வளத்தாங்க. ஓடுற ஆத்துக்குன்னு 1937ல ஸ்மால்மவுத், 1939ல ஸ்பாட்டட் பாஸ் வந்துச்சு, அப்புறம் 1980ல ஃப்ளோரிடா பாஸ். இதுல கூத்து என்னன்னா, பாஸ் திங்கறதுக்குன்னே 1938ல புளூகில்னு இன்னொரு மீனையும் கூட்டிட்டு வந்தாங்க, அதுவும் இங்கயே தங்கிடுச்சு.

அடையாளம் ஈஸிதான். வாய மூடி வச்சுப் பாருங்க, மேல் தாடை கண்ணத் தாண்டிப் போச்சுன்னா லார்ஜ்மவுத். கண்ணுக்கு நேரா நின்னு, உடம்புல மேலிருந்து கீழா கோடு, கண்ணு செவப்பா இருந்தா ஸ்மால்மவுத். ஸ்பாட்டடுக்கு நாக்க விரலால தடவுனா சொரசொரன்னு இருக்கும். ஃப்ளோரிடாவ கண்ணால பிரிக்கறது கஷ்டம், ஆனா நல்லா பெருசா வளரும்.

எங்க அக்கா பையன் கேப்பான், நாமளும் 1860ல கப்பல்ல வந்தவங்கதானே மாமா, பாஸ மட்டும் ஏன் வெளியாளுங்கறீங்கன்னு. டேய், நம்மள கரும்பு வெட்ட கூட்டிட்டு வந்தான், அத விளையாட கூட்டிட்டு வந்தான்னுதான் சொல்வேன். ஆனா என் தப்பையும் சொல்லணும். பதினாலு வயசுல ஒரு டேம்ல பிடிச்ச ஏழெட்டு பாஸ் குட்டிய வாளியில போட்டு, பஸ்ல மடியில வச்சு, ஒரு ஃபார்ம் குளத்துல கொண்டுபோய் விட்டேன். அங்க கொசகொசன்னு சின்ன மீனு இருந்துச்சு, மூணு வருஷத்துல ஒண்ணு கூட இல்ல, பாஸும் திங்க ஒண்ணுமில்லாம தல மட்டும் பெருசா உடம்பு ஒட்டிப்போயி சின்னதாவே நின்னுடுச்சு. ஆண் பாஸ் கூட்டுக்கு காவல் நிக்குமே, குஞ்சு தப்பிச்சுடும், வளர இரைதான் இருக்காது.

கேப்ல செடர்பெர்க் மலையில ரொண்டகாட்னு ஒரு ஆறு. ஸ்மால்மவுத் பாஸ் இருந்த பகுதியில உள்ளூர் ரெட்ஃபின் மீனே இல்லாமப் போச்சு. 2012லயும் 2013லயும் ரோட்டினோன்னு மீனக் கொல்ற மருந்து ஊத்தி பாஸ எடுத்தாங்க, ஆத்தோட மேல்பக்கம் இருந்த ரெட்ஃபின் தானா இறங்கி வந்துடுச்சு. அத கேட்டப்போ எனக்கு அந்த குளம்தான் ஞாபகம்.

பாஸ் பிடிக்கறத நான் விடல, இனாண்டா டேமுக்கு இந்த சனிக்கெழமையும் போறேன். வாளி மட்டும் வீட்லயே இருக்கும், அதுல என் சம்சாரம் கறிவேப்பில நட்டு வச்சிருக்கா.